வெறும் வயித்துல மருந்து

சாவி உங்க சட்டைப் பையிலதான் இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங் தம்பி. மறைக்க வேண்டாம். காத்தால பஸ் ஸ்டாப்புல வண்டியை நிறுத்தி எம்பையன் பூபதி உங்க கையில குடுத்ததை மளிகைக் கடைக்காரம்மா பாத்துப்போட்டா. நான் சோப்பு வாங்கப் போனா, "ஏனுங்கக்கா, கோழிப்பண்ணைச் சாவியைக் கம்பெனிக்காரர் கையில குடுத்துட்டுப் போறானே பூபதி, நீங்க ஊட்டுல இல்லையாக்கும்?"னு கேக்கறா. மூஞ்சியை எங்க கொண்டு போயி வெக்கறதுன்னு தெரியிலீங்க. எனக்கு மூட்டுவலி, எந்திரிக்க முடியில, அதனாலதான்னு சொல்லிப்போட்டு வந்தேன். எந்திரிக்க முடியாதவ எப்படிக் கடைக்கு நடந்து வந்தான்னு அவ கேக்கல. கேட்டிருந்தா அதுக்கும் ஒரு பொய் சொல்லியிருப்பேன். பெத்த பையனை விட்டுக் குடுக்க முடியுங்களா?

உக்காருங்க. வந்த வேலைதான் முடிஞ்சுதல்லங்க. தொட்டியில பவுடரைக் கலக்குனீங்க, கூரை மேல தண்ணி தெளிக்கற மோட்டாரைப் போட்டீங்க, திரும்பிப் பூட்டுனீங்க. பாத்துட்டுத்தான் நின்னேன். கூட ஒரு எட்டு உள்ள வரலாம்னு வந்தா, என்னமோ திருட வந்தவளைப் பாக்கறாப்பல திரும்பித் திரும்பிப் பாத்தீங்க. போவுது, உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கறாங்க. ஆனா மத்தியானத்துல எங்கூட்டுக்கு வந்தவிங்க யாரும் சோறு உங்காமப் போனதில்லை. கம்பெனிக்காரரா இருந்தாலும் அதுதான், கரண்டுக்காரரா இருந்தாலும் அதுதான். பாசிப்பருப்பும் சுரைக்காயும்தானுங்க. கொள்ளு கடையலாம்னு பாத்தேன், இந்த வெய்யலுக்குச் சூடு, வேண்டாம்னு விட்டுட்டேன். கையைக் கழுவிப்போட்டு வாங்க.

நல்லாப் போட்டு உண்ணுங்க. நீங்க உண்ணுங்க, நான் பேசறேன்.

எம்பட பண்ணைக்கு எனக்கே பூட்டுப் போடறான் பாருங்க, அதை யார்கிட்டச் சொல்றது? எங்கூட்டுக்காரர் இருக்கையில கட்டுன பண்ணைங்க அது. கடைக்கால் தோண்டையில மண்ணு சுமந்தவ நானு. கம்பெனிக்காரங்க குஞ்சு கொண்டாந்து எறக்குவாங்க, தீவனமும் அவிங்களே குடுப்பாங்க, நாம வளத்திக் குடுக்கோணும், கூலி வாங்கிக்கோணும். உங்களுக்குத் தெரியாததா. எங்கூட்டுக்காரர் போன பொறகு பூபதி தலையெடுக்கற வரைக்கும் குஞ்சு வளத்தது யாருங்க? நாந்தான். அப்பெல்லாம் பூட்டு ஏது? நாய் போகாம இருக்கக் கொக்கி போடுவோம், அவ்வளவுதான். இப்ப வெய்யல் ஏறுனா பூட்டு, வெய்யல் தாழ்ந்தாத் தொறப்பு. நானு நாயிக்கும் கீழ போயிட்டேன். நாயிக்காச்சும் கொக்கிதான்.

எல்லாம் போன சித்திரையில ஆரம்பிச்சதுங்க.

எம்மருமவ இந்துமதி வந்து அது மொத வெய்யக்காலம். நல்ல எடத்துப் புள்ளைதான், இல்லீங்கல. நெறமா இருப்பா, வேலை செய்வா. ஆனா எதைச் சொன்னாலும் "இல்லீங்கத்தை"ன்னுதான் ஆரம்பிப்பா. சுரைக்காயில உப்புப் பத்துலன்னு சொன்னாக்கூட "இல்லீங்கத்தை, செரியா இருக்குது"ம்பா. அப்ப இருந்த கம்பெனி சூப்பர்வைசர் வந்து, வெய்யல் கடுமையா இருக்குது, கோழி தாங்காது, இந்தப் பவுடரைத் தண்ணியில கலக்கி வெய்யுங்கன்னு பாக்கெட்டைக் குடுத்துட்டுப் போனாரு. உப்பும் விட்டமினும் கலந்ததாம். பிரிச்சா எலுமிச்சம்பழ வாசம் வருமுங்க. நல்ல சாமான்தான், நானு அதைக் குத்தம் சொல்லுல.

கூட இன்னொண்ணும் சொல்லிப்போட்டுப் போனாரு. வெய்யல் ஏறுனதும் தீவனத்தை எடுத்துரோணுமாம், பொழுது சாயற வரைக்கும் குடுக்கக் கூடாதாம். பவுடர் கலந்த தண்ணி மட்டும் ஓடிட்டே இருக்கோணுமாம். இதை அந்தப் புள்ளை அப்படியே புடிச்சுக்கிட்டா. தீவனத் தட்டெல்லாம் வரிசை வரிசையாக் கயித்துல தொங்குதல்லங்க? கயித்தை இழுத்துக் கட்டுனா அந்த வரிசை பூரா மேல போயிரும், அவுத்துவிட்டா எறங்கிரும். பத்து மணி ஆனாப் போதும், இவ போயி ஒவ்வொரு கயிறா இழுத்துக் கட்டிருவா. தட்டு நெறையத் தீவனம் இருக்கும், கோழித் தலைக்கு மேல தொங்கும். கோழி அண்ணாந்து பாத்துட்டு நிக்கும். பந்தியில எலையைப் போட்டுச் சோத்தைப் போட்டு, வாய்க்குக் கொண்டு போகையில எலையை உருவுனா எப்படி இருக்கும், சொல்லுங்க. அதுதான்.

நான் கேட்டேன். "ஏம்புள்ள, தண்ணியில மருந்தைக் கலக்கிப்போட்டுத் தீனியை எடுத்தா, அதுக வெறும் வயித்துல மருந்து குடிக்குமே. யாராச்சும் வெறும் வயித்துல மருந்து குடுப்பாங்களா?"ன்னு. கேட்டது தப்புங்களா? உங்களுக்குக் காய்ச்சல் வந்தா டாக்டர் என்ன சொல்றாரு? உண்டுபோட்டு மாத்திரை போடுங்கறாரு. எங்கூட்டுக்காரர் கடைசி வரைக்கும் மாத்திரையில கெடந்தாரு, நாலு வாய் உள்ள போகாம ஒரு மாத்திரையை நான் குடுத்ததில்லை. வெறும் வயித்துல மருந்து போனா கொடலைப் பொத்திரும். இது ஊரு ஒலகத்துக்கே தெரியும்.

அவ சிரிச்சாளுங்க. "இல்லீங்கத்தை, அது மருந்து இல்ல, சத்து. வெய்யல்ல நமக்கு உப்புச் சக்கரைத் தண்ணி குடுக்கறாப்பல. தீனி தின்னா செரிக்கறதுல உடம்புக்குள்ள சூடு ஏறும், அதுக்குத்தான் எடுக்கறது"ன்னா.

தின்னாச் சூடு ஏறுமாம். எதைத் தின்னாச் சூடு ஏறும்னு எனக்குத் தெரியாதா? கொள்ளுல ஏறும், மாம்பழத்துல ஏறும், கத்திரிக்காயில ஏறும். மக்காச்சோளத்துல எங்கீங்க சூடு இருக்குது? போதாததுக்குக் கோழியே சூடு. சளி புடிச்சா நாம கோழிச்சாறு வெச்சுக் குடிக்கறதே அதுக்குத்தான. சூட்டுலயே பொறந்த ஜீவனுக்கு மேக்கொண்டு என்ன சூடு ஏறப் போகுது? சொன்னேன். பூபதியும் நின்னுட்டுத்தான் இருந்தான். "அம்மா, நீ சும்மா இரு. அவ சொல்றபடி நடக்கட்டும்"னுட்டான். கல்யாணம் ஆயி வருசம் திரும்பல. பெத்த மனம் பித்து, புள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க.

செரி, அவிங்க பண்ணை, அவிங்க பாடுன்னு நானும் விட்டுட்டேன். ஆனா மத்தியானம் அந்தப் பக்கம் போனா மனசு கேக்குதுங்களா? வலைக்கிட்டப் போயி நின்னு பாத்தேன். அத்தனை கோழியும் வாயைப் பொளந்துட்டு நிக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல, அத்தனையும். ரெக்கையை அகட்டி வெச்சுக்கிட்டு, வாயைப் பொளந்துட்டு என்னையே பாக்குது. வாயில்லா ஜீவனுக்குச் சொல்லத் தெரியுமா? வாயைத்தான் காட்டும். வெய்யலுக்கு எளைக்குதுன்னு அவ சொல்லுவா. பசிச்ச வாய் எது, எளைக்கற வாய் எதுன்னு எனக்குத் தெரியாதா? புள்ளை பெத்து வளத்தவ நானு.

இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுங்களா? போதும்னு கையை மறைச்சா நான் விட்ருவனா? மோரும் இருக்குது.

அப்ப என்ன பண்ணுனேன்னா, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. பூபதி மத்தியானம் தறிப்பட்டறைக்குப் போயிருவான். இவ ஊட்டுக்குள்ள தையல் மிசின்ல உக்காந்துக்குவா. மிசின் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்குப் பயமில்லை. மெதுவாப் போயி, கதவுக்கிட்ட இருக்கற வரிசைக் கயித்தையெல்லாம் அவுத்துவிட்ருவேன். தட்டு எறங்குனதும் அதுக விழுந்தடிச்சுட்டு வந்து கொத்தும் பாருங்க, அதைப் பாத்தா வயிறு நெறைஞ்சது அதுகளுக்கா எனக்கான்னு தெரியாது. கொஞ்ச நேரம் தின்ன விட்டுட்டு, பழையபடி இழுத்துக் கட்டிப்போட்டு வந்துருவேன். அந்தக் கோடி வரிசைக மட்டும் எனக்கு முடியிலீங்க. அந்தப் பக்கத்தை மட்டும் பூபதி போயிக் கட்டுவான், இறுக்கி முடிச்சுப் போட்ருவான், எங்கைக்கு அவுறல. பாவம், அந்தக் கோடியில இருந்ததுக பட்டினிதான். என்ன பண்றது, முடிஞ்ச வரைக்கும்தான் புண்ணியம்.

கொஞ்ச நாளு அப்படிப் போச்சு. ஒண்ணும் ஆகல. கோழி நல்லாக் கனத்து வந்துச்சு. கம்பெனி வண்டி வந்து தூக்கற வாரம். அன்னைக்குன்னு பாத்துக் காத்தே இல்லீங்க. வேப்பமரத்துல ஒரு எலை அசையில. நான் போயி, அன்னைக்குப் பாவம்னு கொஞ்சம் எச்சா நேரம் தின்ன விட்டுட்டு, பொறகுதான் இழுத்துக் கட்டுனேன். ஊட்டுக்கு வந்து கண்ணசந்திருப்பேன். இந்து ஓடியாந்து "அத்தை, அத்தை"ன்னு கத்தறா. போயிப் பாத்தா, ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க. கதவுக்கிட்ட இருந்து பாதிப் பண்ணைக்கு, ஒண்ணு மேல ஒண்ணாக் கெடக்குது. கையில தூக்குனா அடுப்புல வெச்ச சட்டியாட்டம் சுடுது. சாகாததுகளும் கழுத்தைத் தொங்கப் போட்டுட்டு இழுத்துட்டுக் கெடக்குது. பட்டறையில இருந்து பூபதியும் ஓடியாந்தான், நாங்க மூணு பேரும் தண்ணியை மொண்டு மொண்டு ஊத்துறோம், ஊத்த ஊத்தச் சாகுது.

அந்தக் கோடியில இருந்ததுக தப்பிச்சுச்சுங்க. அதுக மருந்துத் தண்ணியைச் செரியாக் குடிக்கலையாட்டம் இருக்குது. குடிச்சிருந்தா அதுகளும் போயிருக்கும்.

மக்யா நாளு விடிஞ்சதும் கம்பெனியில இருந்து டாக்டரும் பழைய சூப்பர்வைசரும் வந்தாங்க. ஊரே வேடிக்கை பாக்க வந்துருச்சு. டாக்டரு செத்த கோழியில ஒண்ணை எடுத்து அறுத்துப் பாத்தாரு. எரைப்பை நெறையத் தீவனம். "பாருங்க, நெஞ்சு முட்டத் தின்னுருக்குது"ன்னாரு. எனக்கு அந்த எழவுலயும் ஒரு ஆறுதல் பாத்துக்குங்க. போன உசுரு பட்டினியாப் போகல. வயிறு நெறைஞ்சுதான் போயிருக்குது. அந்தப் புண்ணியத்தைச் செஞ்சவ நானு.

டாக்டரு கேக்கறாரு, "உச்சி வெய்யல்ல தீவனத்தைக் கீழ எறக்குனது யாரு?"ன்னு. எறக்குனதுக்கும் செத்ததுக்கும் என்னங்க சம்பந்தம்? வெறும் வயித்துல மருந்து குடுத்தது யாருன்னு கேட்டிருக்கோணும், அதுதான் கேள்வி. நான் அதைச் சொல்லலாம்னு வாயெடுக்கறேன். அதுக்குள்ள இந்து என்னை ஒரு பார்வை பாத்தாளுங்க. பாத்துப்போட்டு, "நாந்தானுங்க சார். தட்டைத் தூக்க மறந்துட்டேன்"னு சொல்றா.

பத்து மணிக்கு அவ கயித்தை இழுத்துக் கட்டுனதை எங்கண்ணால பாத்தவ நானு. மறந்துட்டேங்கறா. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறா. அந்த சூப்பர்வைசர் புடிபுடின்னு புடிச்சாரு. "படிச்ச புள்ளை தானம்மா, தீவனத்தைத் தூக்கோணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான பாக்கெட்டைக் குடுத்தேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களுக்குக் கம்பெனி குஞ்சே குடுக்காது"ன்னுட்டாரு. ஊரு சனம் பூரா நிக்குது. அவ தலையைக் குனிஞ்சுட்டு நிக்கறா. பூபதி மண்ணைப் பாத்துட்டு நிக்கறான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். தப்புப் பண்ணுல, பண்ணுனேன்னு எதுக்குச் சொல்லோணும்? அப்ப வேற எதையோ மறைக்கறான்னு தான அர்த்தம்? நானும் நல்லாக் கேட்டேன். அத்தனை பேரு முன்னால கேட்டேன். "மறந்துட்டேன்னு சொல்றியே, சோறு திங்க மறந்தியா, சீலை கட்ட மறந்தியா?"ன்னு கேட்டேன். அதோட விட்டனா? ரேசன் கடையில சொன்னேன், மாரியம்மன் கோயல் நோம்பியில சொன்னேன், அவ சொந்தக்காரங்க ஊட்டுக் கல்யாணத்துல, அவ பெரியம்மாகிட்டயே சொன்னேன். எங்கூட்டுக் கோழியைக் கொன்னவ இவதான்னு. இப்ப எங்கூருல இந்துமதின்னு கேட்டா யாருக்கும் தெரியாது. கோழியைக் கொன்ன மருமவன்னு கேட்டீங்கன்னா ஊட்டு வாசல்ல கொண்டாந்து விட்ருவாங்க. அவ கொடத்தைத் தூக்கிட்டுப் பைப்புக்குப் போவா, பொம்பளைக சிரிப்பாங்க. இவ ஒரு வார்த்தை திருப்பிப் பேசுல. குத்தமுள்ள நெஞ்சு, பேச முடியில.

இந்த வருசம் வெய்யல் ஏறுனதும் பூபதி பூட்டு வாங்கியாந்து மாட்டிட்டான். எதுக்குடான்னு கேட்டா, திருட்டுப் பயம்கறான். உச்சி வெய்யல்ல மட்டும் வர்ற திருடன் எந்த ஊருல இருக்கறான்? பொறகு சொல்றான், "அம்மா, இந்தத் தடவையும் கோழி செத்துச்சுன்னா நம்மளுக்குக் குஞ்சு கெடைக்காது. நான் இவளைக் கூட்டிட்டுத் திருப்பூரு போயிருவேன். அவ அண்ணன் பனியன் கம்பெனியில வேலை வெச்சிருக்கறான்"னு. என்னையும் வான்னு கூப்புடுலீங்க. அந்தத் தீப்பெட்டி ஊட்டுல எனக்கு எங்க எடம்? நான் இந்தத் தோட்டத்துல ஒத்தையாக் கெடக்கோணும். ஆக்கி வெச்சா உங்கறதுக்கு ஆளு இல்லாம, எனக்கு நானே ஆக்கி, எனக்கு நானே போட்டு.

அதனாலதான் கேக்கறேன். இன்னைக்கு அவிங்க ரெண்டு பேரும் எழவுக்குப் போயிட்டாங்க, பல்லடத்துல இவ சின்ன மாமன் ஒருத்தரு போயிட்டாரு. வர நேரமாகும். நீங்க அந்தச் சாவியை எங்கையில குடுங்க. கதவுக்கிட்ட இருக்கற வரிசை மட்டும் எறக்கிப்போட்டு வந்தர்றேன். வலைக்கிட்டப் போயிப் பாருங்க, அத்தனையும் வாயைப் பொளந்துட்டு நிக்குது. போன தடவை சாகடிச்சாப்பல இந்தத் தடவையும் வெறும் வயித்துல மருந்தைக் குடுத்துச் சாகடிச்சா, நாளைக்குப் பேரு யாருக்கு? எம்பையனுக்கு.

ஏனுங் தம்பி, எலையைப் பாத்துட்டே இருக்கறீங்க. சோத்துல முடி கெடக்குதா?

என்ன? சாவி குடுக்கையில பூபதி என்னமோ சொன்னானா? என்ன சொன்னான்? சொல்லுங்க. அட, சொல்லுங்கங்கறேன். நான் என்ன உங்களைக் கடிச்சா திங்கப் போறேன்.

எரைப்பையில தீவனத்தைப் பாத்ததுமே நாந்தான் எறக்குனேன்னு அவிங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?

அவனுக்கும் இந்துவுக்குமா, ரெண்டு பேருக்குமா?

செரி. அப்பறம்? தெரிஞ்சும் எதுக்கு நாந்தான்னு சொன்னாளாம்? ஊரு முன்னால டாக்டரு என்னையக் கேட்டா... எனக்குத் தெரியக் கூடாதுன்னு யாரு சொன்னது, பூபதியா? இந்துவா? "அத்தை கையால குஞ்சு வளத்தவிங்க, அவிங்க போட்ட தீனியிலதான் செத்துச்சுன்னு தெரிஞ்சா அவிங்க தாங்க மாட்டாங்க, திட்டை நான் கேட்டுக்கறேன்"னு அவதான் சொன்னாளா?

தாங்க மாட்டனாமா?

என்னைய என்ன பச்சைக் கொழந்தைன்னு நெனைச்சுட்டாளா? புருசனைத் தூக்கிக் குடுத்துட்டுக் காரியம் முடிஞ்ச மக்யா நாளு குஞ்சுக்குத் தண்ணி வெச்சவ நானு. நான் எதைத் தாங்கமாட்டேன்? இவ தாங்குவாளாமா எனக்குப் பதிலா. யாரு கேட்டா இவளை? வருசம் பூரா நான் பேசறேன், ரேசன் கடையில பேசறேன், கோயல்ல பேசறேன், அவ பெரியம்மாகிட்டப் பேசறேன், இவ பக்கத்துலயே கொடத்தை வெச்சுட்டு நின்னு கேக்கறா. கல்லு நெஞ்சுக்காரி. ஒரு வார்த்தை, "அத்தை, நீங்கதான் எறக்குனது"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஒம்பது வார்த்தை சொல்லியிருப்பேன். மசுரைப் புடிச்சுச் சண்டை போட்டிருப்போம். அன்னையோட முடிஞ்சிருக்கும். இப்ப நான் பேசுன பேச்சையெல்லாம் எங்க கொண்டு போயிக் கொட்டறது? ஊரு பூரா எறைச்சு வெச்சிருக்கறனே, ஒவ்வொண்ணாப் போயிப் பொறுக்கியாற முடியுமா?

அதுக்காக நான் ஒத்துக்கிட்டேன்னு நெனைக்காதீங்க. தீனி தின்னு எந்த ஜீவனும் சாகாது. டாக்டரு சொன்னாலும் செரி, நீங்க சொன்னாலும் செரி, எனக்கு மனசு ஒப்பல. அந்தக் கோடி வரிசை எப்படித் தப்பிச்சுதுன்னு கேக்கறீங்களாக்கும்? கேக்காதீங்க. அதைப் பத்தி மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க தம்பி.

சாவியை எதுக்கு இப்ப எடுத்து எம்முன்னால வெக்கறீங்க? எடுங்க. பையில போடுங்க. போகையில கையோட கொண்டு போயிருங்க, வேண்டாம், பூபதி கையிலயே குடுத்துருங்க. நான் சொன்னனே, எனக்கு மனசு ஒப்பலைன்னு. அதுக வாயைப் பொளந்துட்டு நின்னா எங்கை சும்மா இருக்காது. எனக்கு என்னையத் தெரியும்.

அதா வண்டிச் சத்தம். வந்துட்டாங்களாட்டம் இருக்குது, கோழியை நெனைச்சுப் பாதியில எந்திரிச்சு வந்திருப்பாங்க. தம்பி, இங்க பாருங்க. நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லுல, நான் ஒண்ணும் கேக்கல. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சுதுன்னா நான் அந்தப் புள்ளை மூஞ்சியில எப்படி முழிக்கறது? ஊருல பேசறதை இன்னையோட நிறுத்திப்போடறேன், மாரியம்மா மேல ஆணை. ஆனா ஊட்டுல திட்டறதை நிறுத்துனா அவளுக்குச் சந்தேகம் வந்துரும். அதனால நான் திட்டுவேன். நீங்க பாட்டுக்கு மோரை ஊத்தி உண்ணுங்க.

ஏம்புள்ள, எழவு ஊட்டுக்குப் போனா நேரங்காலமா வரத் தெரியாதா உனக்கு? இந்த வெய்யல்ல தலையில ஒரு துணியைக்கூடப் போடாம வண்டியில உக்காந்து வந்திருக்கற. மொகத்தைப் பாரு, வதங்கிக் கெடக்குது. பின்னால பொடக்காளியில குளிக்கத் தண்ணி மொண்டு வெச்சிருக்கறேன், போயி ஊத்திக்க. பண்ணைக்கு அப்பறம் போயிக்கலாம், இந்தத் தம்பி எல்லாம் பாத்துப்போட்டாரு, நானு அந்தப் பக்கமே போகல. டேய் பூபதி, அவ கையில இருக்கற பையை நீ வாங்குனா கை தேஞ்சா போயிரும்? வா புள்ள, வந்து உக்காரு. பாசிப்பருப்புத்தான், அதையும் உப்பு இல்லீங்கத்தைன்னு சொல்லு, கேட்டுக்கறேன்.

என்ன அங்கயே நின்னுட்டு அப்படிப் பாக்கற? என்னைக்கும் திட்டறாப்பலதான திட்டறேன்.